முதல் ஊரிலேயே வாள்

அரக்கன் வருகிறான், ஆயுதத்தை எடு, ஊரைக் காப்பாற்று என்று ஊர்த்தலைவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் நாலு கூரைகள் பற்றி எரிகின்றன. டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் டார்ச்சக்கா அதைக் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இருக்கும் வீரனைக் குதிரைக் கொட்டிலுக்குள் நடத்திப் போய் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.

“கத்தட்டும். நாம போற வரைக்கும் அரக்கன் அங்கயேதான் நிப்பான். அவனுக்கு வேற என்ன வேலை?” என்கிறார்.

உண்மைதான். இந்த மாதிரி வீடியோ கேம்களில் அரக்கர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நாம் போய் அவர்கள் எல்லையை மிதிக்கும்வரை, உறுமியபடியே பொறுமையாகக் காத்திருப்பார்கள். அதற்குள் அக்கா அந்த முதல் ஊரின் கிணறு, பரண், கோழிக்கூண்டு, பாதி எரிந்த வீடு என்று ஒன்று விடாமல் சலித்துவிடுவார். புதிதாக ஆட வருகிறவர் கையில் முதலில் ஒரு மரக்கம்பைத்தான் கொடுப்பார்கள். ஓர் அடிக்கு ஐந்து புள்ளி. கொசு அடிக்கக்கூடக் காணாது. உருப்படியான வாள் வேண்டுமென்றால் இருபது மணி நேரம் அடி வாங்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஆனால், கேமைச் செய்தவர்கள் முதல் ஊருக்குப் பக்கத்திலேயே எங்காவது ஒரு பெரிய ஆயுதத்தை ஒளித்து வைத்திருப்பார்கள் என்பது அக்காவின் நம்பிக்கை. இதுவரை ஆடிய ஒன்பது கேம்களில் எட்டில் எடுத்துவிட்டார். ஒன்பதாவது கேமைப் பற்றிப் பேச்செடுத்தால், “அது ஆகாத கேம்,” என்று முடித்துவிடுவார்.

“ஒளிச்சு வெச்சவனும் மனுசன்தானே? யாராவது வந்து எடுக்கணுமேன்னு நம்மளவிட அவன்தான் தவிச்சுக்கிட்டு இருப்பான்.”

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ரயில் நிலையத்தில், முதல் பிளாட்பாரத்தின் கடைசியில், தொலைந்த பொருள் அறையில் வேலை. பயணிகள் வண்டியில் விட்டுவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரிகள். நாற்பத்தொரு குடைகள். கண்ணாடிகள் ஒரு வாளி நிறைய. ஒற்றைச் செருப்புகள். மூன்று பல்செட்டுகள். ஒரு செயற்கைக் கால்கூட இருக்கிறது. “காலை விட்டுட்டு எப்படிய்யா எறங்கிப் போனாரு?” என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் சொல்லத்தான் ஆளில்லை. கழுத்தில் எப்போதும் விரல் நீள டார்ச் ஒன்று கயிற்றில் தொங்கும். வண்டி வந்து நின்றதும் சீட்டுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து அடித்துப் பார்ப்பார். பெயர் அப்படி வந்ததுதான். நிலையத்தில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

பொருளைத் தொலைத்தவர்கள் பதறிக்கொண்டு வந்து ஜன்னலில் நிற்பார்கள். எங்கே தொலைத்தீர்கள் என்று அக்கா கேட்கவே மாட்டார். அது தெரிந்தால் அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்? “அப்ப ரெண்டு கையும் எதுக்குத் தேவைப்பட்டுச்சு? அதைச் சொல்லுங்க,” என்பார். குழந்தைக்கு ஷூ கயிறு கட்ட, குழாயில் முகம் கழுவ, கனமான கதவைத் தள்ள. ரெண்டு கையும் வேண்டும் என்கிற இடத்தில்தான் மனிதன் கையிலிருப்பதைக் கீழே வைக்கிறான், வைத்தவன் மறக்கிறான். இந்த ஒரு கேள்வியாலேயே திரும்பிப் போன மோதிரங்கள் எத்தனையோ.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. அடையாளம் சரியாகச் சொன்னால் பொருள் அந்த நிமிடமே கை மாறும். சொல்லவில்லையென்றால் மந்திரியே வந்தாலும் கிடையாது. தனக்கும் அதே சட்டம்தான். அடைமழையில், நாற்பத்தொரு குடைகளைப் பூட்டிவிட்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிற ஒரே மனுஷி அவர்தான்.

அந்த ஜன்னலுக்கு இப்போதெல்லாம் வேறொரு கூட்டமும் வருகிறது. டிக்கெட் பரிசோதகர்கள் இரண்டு பேர், அறிவிப்பு சொல்கிற பெண், சிக்னல் அறைக்காரர் ஒருவர். எல்லோருக்கும் இதே கேம் பைத்தியம்.

“அக்கா, நீங்க சொன்ன கிணத்துல ஒண்ணும் இல்லையே?” என்பார் ஒரு பரிசோதகர்.

“எறங்கும்போது பாத்தியா, ஏறும்போது பாத்தியா?”

“எறங்கும்போதுதான்.”

“ஏறும்போது பாரு. எறங்கறவன் காலடியத்தான் பாப்பான். அதான் மேல வெச்சிருக்காங்க.”

மறுநாள் அந்தப் பரிசோதகர், கிணற்றுச் சுவரின் பொந்தில் கோடரி கிடைத்த சந்தோஷத்தில், டிக்கெட் இல்லாத ஒருவரைச் சிரித்துக்கொண்டே மன்னித்து அனுப்பிவிட்டதாகக் கேள்வி.

இத்தனைக்கும் விதை போட்டது அக்காவின் நாத்தனார். கணவரின் தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாலு வருடத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு மாற்றலாகி அண்ணன் வீட்டுக்குக் குடிவந்தபோது, இரண்டு பெட்டித் துணியும் அந்த கேம் பெட்டியும்தான் கொண்டுவந்தாள். அவள் ஆடும்போது, துவைத்த துணியை மடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: “ஏண்டி, அந்தப் பானைக்குப் பின்னாடி பாக்காமலே போறியே?” பானைக்குப் பின்னால் ஈட்டி இருந்தது. அன்றோடு துணி மடிக்கும் வேலை கணவருடையதாயிற்று.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே வீரன், ஒரே கன்ட்ரோலர். தேடுவது அண்ணியின் இலாகா, அடிதடி நாத்தனாரின் இலாகா. வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும் உட்கார்ந்தால், கன்ட்ரோலர் இங்கும் அங்குமாகக் கை மாறிக்கொண்டே இருக்கும். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சட்டி பானை உருளும் என்பார்கள். இந்த வீட்டில் உருண்ட பானைகள் எல்லாம் டிவிக்குள்ளேதான்.

போன மாதம் நாத்தனாருக்கு மறுபடியும் மாற்றல் உத்தரவு வந்தது. பத்து மணி நேரத் தொலைவில் வேறொரு ஊர். சனிக்கிழமை நாலு மணிக்கு சாமான் ஏற்ற வண்டி வரும். கேம் பெட்டியும் அவளோடுதான் போகும். அவள் அழவில்லை, ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அண்ணி, இந்த கேம்ல அந்தப் பாலத்தைத் தாண்டி ஒரு ஊர் இருக்காம். மலை மேல, வெள்ளையா, ஆயிரம் விளக்கோட. போறதுக்குள்ள அதை ஒரு தடவை ரெண்டு பேரும் பாத்துரணும்.”

“அங்க போயி நீ தனியா ஆடிப் பாத்துக்கயேன்,” என்றார் அண்ணன்காரர். இரண்டு பெண்களும் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். மனிதர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டார். “தனியாப் பாத்தா அதுல என்ன இருக்கு? பக்கத்துல உக்காந்து கத்த ஆள் வேணாமா?” என்றாள் நாத்தனார். அக்கா கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார்.

பாலத்தைக் காப்பது ஒரு ராட்சதன். தேக்குமரத்தை வேரோடு பிடுங்கினது போல ஒரு கதாயுதம் வைத்திருப்பான். மரக்கம்பால் அவனை அடித்தால் அவனுக்குச் சொறிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆகவே அக்கா தேடினார். செவ்வாய்க்கிழமை, ஆற்றங்கரையில் கவிழ்ந்து கிடந்த படகுக்கு அடியில், ஓர் எலும்புக்கூட்டின் பக்கத்தில் கிடைத்தது நீலவாள். ஓர் அடிக்கு அறுபத்துநாலு! நாத்தனார் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அந்த மகிழ்ச்சியிலேயே அவள் காபி போட எழுந்து போனாள்.

திரும்பி வருவதற்குள் அந்தக் காரியம் நடந்துவிட்டது. ஊர்க் கிணற்றடியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். காவலுக்குப் போன புருஷன் வரவில்லையாம். அவன் வாளின் கைப்பிடியில் கொக்கு செதுக்கியிருக்குமாம், கொக்குக்கு ஒரு கால் உடைந்திருக்குமாம். நீலவாளின் கைப்பிடியில் இருந்ததும் அப்படியொரு கொக்குதான். கொடுக்கிறாயா, சும்மா போகிறாயா என்று கேம் கேட்டது. அக்கா யோசிக்கவே இல்லை. பொத்தானை அழுத்தினார். கேமும் அடுத்த நொடியே அதைப் பதிவு செய்துகொண்டது. இனித் திரும்பிப் போக வழியில்லை.

“அண்ணி! குடுத்துட்டீங்களா?”

“அடையாளம் சொன்னாளேடி. கொக்குக்கு ஒரு கால் இல்லேங்கறது வரைக்கும் கரெக்டா சொன்னா. எப்படிக் குடுக்காம இருக்கறது?”

“அது கேம், அண்ணி!”

“எனக்குத் தெரியாதா? கை அதுபாட்டுக்கு அழுத்திருச்சு.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அந்தப் பெண்ணாவது நன்றிக்கு ஏதாவது கொடுத்தாளா என்றால், ஒரு ரொட்டித்துண்டு கொடுத்தாள். நாத்தனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த ரொட்டியை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்து நுரை எங்கும் தெறித்தது. கோபம் அதோடு போயிற்று. ஆனால் வாள் போனது போனதுதான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் ராட்சதன் பதினாலு தடவை வீரனைச் சப்பாத்தி மாவாக்கிவிட்டான். பின்னால் அண்ணன்காரர் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சாமான் ஒவ்வொன்றாக வாசலுக்குப் போயிற்று. அறையில் டிவியும் கேம் பெட்டியும் இவர்கள் இருவரும்தான் பாக்கி. மணி மூன்று பத்து.

“விடுங்க அண்ணி. பரவால்ல,” என்றாள் நாத்தனார். பரவாயில்லை என்கிற குரலாக அது இல்லை.

“இரு. அடிக்க வேணாம். அவன் என்னதான் பண்றான்னு சும்மா உக்காந்து பாப்போம்.”

வீரனைப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தார். ராட்சதன் பாலத்தில் இங்கும் அங்கும் நடந்தான். முதுகைச் சொறிந்தான். கொட்டாவி விட்டான். அவனை இப்படி ஒருவரும் வேடிக்கை பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்ததும் அடிக்கப் போவார்கள், இல்லையென்றால் ஓடுவார்கள். பத்து நிமிடம் போயிற்று. ராட்சதன் மெதுவாகப் படியிறங்கி ஆற்றுக்குப் போனான். கதாயுதத்தைக் கல்லில் சாய்த்தான். மண்டியிட்டு, தண்ணீரை அள்ளிக் குடித்தான்.

“ரெண்டு கை!” என்றார் அக்கா. “ரெண்டு கையாலயும் குடிக்கறான்டி!”

“எடுங்க அண்ணி! எடுங்க!”

வீரன் பூனை மாதிரி இறங்கிப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். எடுக்கவா என்று திரையில் எழுத்து வந்தது. அக்காவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது. தொலைந்த பொருள் அறையின் இருபத்தாறு வருடத்துப் பழக்கம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சொந்தக்காரன் இங்கயேதானேடி இருக்கான்? கண்ணு முன்னாடி?”

“அண்ணி, மணி மூணு இருவத்தஞ்சு!”

டேப்பும் கையுமாக அண்ணன்காரர்கூட வந்து நின்றுவிட்டார். “எடுத்துத் தொலையேம்மா!” என்றார். நாலு வருடத்தில் அந்த கேமைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அக்கா நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்து, கடையில் பேனா இரவல் கேட்கிறவர் மாதிரி, “ஐயா, அஞ்சே அஞ்சு நிமிசம். திருப்பிக் குடுத்துடறேன்,” என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

ஓர் அடிக்குத் தொண்ணூற்றாறு. கன்ட்ரோலர் பறந்து நாத்தனாரின் கைக்குப் போயிற்று. சொன்ன வாக்குப்படி அவள் திருப்பித்தான் கொடுத்தாள்: முதலில் முழங்காலில், அப்புறம் முதுகில், கடைசியாக மண்டையில். ராட்சதன் ஆற்றில் விழுந்தபோது தண்ணீர் பாலத்துக்கு மேலே எழும்பியது. இந்த அறையில் மூன்று பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் வந்து கதவைத் தட்டினார். இந்தத் தடவை யாரும் திறக்கப் போகவில்லை.

“நீங்க நடங்க அண்ணி. என் இலாகா முடிஞ்சுது,” என்று கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, நாத்தனார் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வந்தது பத்து நிமிடம் முன்னதாகவே.

அக்கா வீரனைப் பாலத்தில் ஏற்றினார். அப்போதுதான் தெரிந்தன பெட்டிகள். பாலத்தின் ஓரத்தில் வரிசையாக மூன்று, இரும்புப் பட்டை போட்டவை. ஒன்றின் இடுக்கில் நீல ஒளி கசிந்துகொண்டிருந்தது.

“அண்ணி, பெட்டி! எடது பக்கம்! நீலமா மின்னுது, வாளா இருக்கும்!”

“கெடக்கட்டும்,” என்றார் அக்கா. “நீ நிமிந்து மலை மேல ஊரைப் பாரு.”

மூன்றாவது பெட்டியையும் தாண்டி, கட்டைவிரலை எடுக்காமல், வீரனை நேராக ஓடவிட்டார்.