அறுத்துப் பார்த்த கயிறு

தோல் அறுக்கிற கத்தி அது. எங்கள் ஆபீஸ் ஸ்டோர் கீப்பர் ஒரு முஸ்லிம், எல்லோருக்கும் அவர் ஸ்டோர் பாய். திண்டுக்கல் பேகம்பூரில் அவர் அண்ணனுக்குத் தோல் வியாபாரம். பென்சில் சீவுவதற்கென்று அங்கிருந்து ஒரு கத்தியைக் கொண்டுவந்து ஆபீஸ் டிராயரில் போட்டு வைத்திருந்தார். அன்று அந்தக் கத்தியைப் புதுக் கயிற்றில் வைத்தார். அப்போதுதான் வண்டியிலிருந்து இறக்கிய தேங்காய் நார் வடம். கை மணிக்கட்டுப் பருமன். இரண்டு அழுத்து அழுத்தினார். ஒரு முழம் தனியாக வந்து மேசையில் விழுந்தது. கயிறு கொண்டுவந்த காண்ட்ராக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியவன் நான்.

அறுபதுகளின் தொடக்கம். பஞ்சாயத்து யூனியன்கள் அப்போதுதான் வந்திருந்தன. எந்த யூனியன் என்பது வேண்டாம், திண்டுக்கல்லுக்குக் கிழக்கே என்றால் போதும். எனக்குக் குடிதண்ணீர்க் கிணறு தூர் வாருகிற வேலை. தினக்கூலி. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, கையெழுத்துப் போட வரும். கோடையில் ஊர் ஊராகப் போவோம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நான் இறங்குவேன். மேலே நான்கு பேர் பிடிப்பார்கள். சேற்றைக் கூடையில் அள்ளி அனுப்பிவிட்டுக் கடைசியில் நான் ஏறி வருவேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிற்றை வேப்பமரத்தில் கட்டி மூன்று முறை வெடுக்கென்று இழுப்போம். தாங்கினால் நல்ல கயிறு. அதற்கு மேல் நாங்கள் பார்த்ததில்லை.

ஸ்டோர் பாய் அப்படி இல்லை. கயிறோ, கூடையோ, சுண்ணாம்போ, எது வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு எழுதி வாங்க வேண்டும். குறைந்த விலைக்காரர் முதலில் ஒரு மாதிரி கொடுக்க வேண்டும். அந்த மாதிரியில் சீட்டுக் கட்டி, அரக்கு வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டுவார். சரக்கு வந்ததும் மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். இரண்டும் ஒன்று என்று அவருக்குப் பட்டால்தான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதுவார். அவர் எழுதாமல் பில் நகராது. ஆபீசே அவரைத் திட்டும். நானும் திட்டியிருக்கிறேன். "பாய், கயித்தப் பாக்கக் கண்ணு இருந்தா பத்தாதா, பொஸ்தகம் எதுக்கு?" என்று கேட்டேன். "ஒன் கண்ணு நாளைக்கு மாறிப்போவும்ப்பா. பொஸ்தகம் மாறாது" என்றார்.

அந்த வருடம் கயிறு கொடுத்த காண்ட்ராக்டர் ஒரு கவுன்சிலரின் மச்சினர். வண்டியை நிறுத்தியதும் என்னைத்தான் கூப்பிட்டார். "ஏலே, நீதான எறங்குற ஆளு? இழுத்துப் பாத்துச் சொல்லு." மரத்தில் கட்டினேன். மூன்று முறை இழுத்தேன். அசையவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். நாலு பேர் கேட்கச் சொன்னேன். தப்பு அங்கேதான் நடந்தது. தப்புச் செய்தவன் நான்.

"எறங்குறவனே சொல்லிட்டான் பாய், எழுதுங்க" என்றார் காண்ட்ராக்டர்.

"அவன் சொல்லிட்டான். சாம்பிள் இன்னும் சொல்லலையே" என்று பாய் கத்தியை எடுத்தார்.

அறுத்த முழத்தின் மூன்று புரிகளையும் பிரித்தார். ஒவ்வொரு புரியிலும் மேலே புது நார், மஞ்சளாக இருந்தது. உள்ளே கறுத்த பழைய நார். விரலால் நசுக்கினார். மக்கிய வைக்கோல் மாதிரி உதிர்ந்தது. பீரோவிலிருந்து மாதிரியை எடுத்து அதையும் பிரித்துக் காட்டினார். அதில் உள்ளும் புறமும் ஒரே நார். நான் வெடுக்கென்று இழுத்தபோது தாங்கிய கயிறு, ஈரத்தில் ஊறி அறுபதடி ஆழத்தில் என்னையும் சேற்றுக் கூடையையும் தாங்கியிருக்காது.

மறுநாள் பாய்க்கு விளக்கம் கேட்டு ஆபீஸ் மெமோ வந்தது. யூனியன் சொத்தை அறுத்துச் சேதப்படுத்தினார் என்று எழுதியிருந்தது. ஆபீசில் சிலர் சிரித்தார்கள். பாய் வெள்ளைத் தாளை எடுத்து நிதானமாகப் பதில் எழுதினார். எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினார். "நான் சரக்கை ஒப்புக்கொண்டு ரிஜிஸ்டரில் ஏற்றும் வரை அது யூனியன் சொத்து அல்ல, காண்ட்ராக்டர் சொத்து. அறுத்ததற்கு அவர் என்னிடம் கேட்கட்டும், யூனியன் கேட்க முடியாது." அவ்வளவுதான் பதில். அவர்கள் கையில் எடுத்த விதியை வைத்தே அவர்கள் கையைக் கட்டிவிட்டார். அன்றைக்குத்தான் புத்தகத்தின் பலம் எனக்குப் புரிந்தது.

மெமோ பலிக்கவில்லை என்றதும் என்னிடம் வந்தார்கள். டீக்கடையில் வைத்து காண்ட்ராக்டர் சொன்னார். "யூனியன் கமிஷனர் விசாரிக்கப் போறாரு. நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். அன்னைக்குச் சொன்னதயே சொல்லு. எழுதிக் கையெழுத்துப் போடு. கவுன்சிலர் மாமாகிட்டச் சொல்லி ஒன்னய வாச்மேனா எடுக்கச் சொல்றேன். மாசச் சம்பளம். இனி கெணத்துலயே எறங்க வேணாம்." பொய் சொல்லச் சொல்லவில்லை. நான் சொன்னதையே சொல்லச் சொன்னார். அதுதான் கஷ்டம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். கோடை முடிந்தால் எனக்குக் கூலி கிடையாது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கமிஷனர் அறையில் காண்ட்ராக்டர், கவுன்சிலர், பாய், நான். ஊர்களில் தண்ணீர் இல்லை, சனம் ஆபீஸ் வாசலில் குடத்தோடு நிற்கிறது. கமிஷனருக்கு அவசரம். "கயிறு நல்லா இருக்குன்னு நீ சொன்னியா?" என்றார்.

"சொன்னேங்கய்யா. அன்னைக்கு மேல பாத்துச் சொன்னேன். உள்ள பாத்துட்டேன். இப்ப எறங்க மாட்டேன்."

கவுன்சிலர் எழுந்துவிட்டார். "இவன் இல்லாட்டி ஊர்ல ஆளா இல்ல? வேற ஆள எறக்குங்கய்யா."

எனக்கு வாய் அதிகம் கிடையாது. அன்று எப்படியோ வந்துவிட்டது. "வேற ஆளு எதுக்குங்க? காண்ட்ராக்டர் எறங்கட்டும். கயிறு அவருதுதான. அம்புட்டு நம்பிக்கையா இருக்காரு. மேல நானே புடிச்சுக்கிறேன், விட மாட்டேன்."

பாய் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். கமிஷனர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். "என்ன, எறங்குறீங்களா?" என்றார். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி கமிஷனர் பைலில் எழுதினார்.

அடுத்த விலைக்காரரின் கயிறு நாலு நாளில் வந்தது. பாய் அதையும் அறுத்தார். "மறுபடி மெமோ வரும் பாய்" என்றேன். "வரட்டும், தாளு இருக்கு" என்றார். பிரித்துப் பார்த்தார், மாதிரியோடு வைத்துப் பார்த்தார், எழுதினார். அன்று மத்தியானமே இறங்கினேன்.

அந்த வருடக் கடைசியில் பாயை ஒட்டன்சத்திரம் பக்கம் மாற்றினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். யாரிடமும் கெஞ்சவில்லை. வாச்மேன் வேலை வேறு ஒருவருக்குப் போனது. நான் கடைசிவரை தினக்கூலிதான். இப்போது அந்தக் கிணறுகளில் பாதி மூடிவிட்டார்கள். ஆபீசில் விதி என்றால் இன்றும் ஜனங்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். வேலையை இழுத்தடிக்கத்தான் விதி என்கிறார்கள். இருக்கலாம். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் இல்லை.

போன மாதம் என் மூத்தவன் கேட்டான். "ஒரு கையெழுத்துதானப்பா. போட்டிருந்தா இன்னைக்கு ஒனக்குப் பென்ஷன் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும். நான் வாச்மேனாகியிருப்பேன். அந்தக் கயித்துல வேற ஒருத்தன் எறங்கியிருப்பான்" என்றேன்.

"யாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவனும் என்னய மாதிரி ஒரு கூலிக்காரனாத்தான் இருந்திருப்பான்."

இன்னொரு தடவை அந்தக் கமிஷனர் அறைக்குக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்வேன்.