இரண்டு விண்டோஸும் அக்காவின் திமிங்கில வால்களும்

எங்கள் வீட்டுக் கணினியைப் போட்டால் முதலில் ஒரு நீலத் திரை வரும். அதில் இரண்டு வரிகள். மேலே விண்டோஸ் 10, கீழேயும் விண்டோஸ் 10. அரைப்புள்ளி வித்தியாசம்கூடக் கிடையாது. முப்பது விநாடிக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். விட்டால் மேலே இருப்பதற்குள் அதுவாகவே போய்விடும். அம்மா அந்த முப்பது விநாடியில் குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வந்துவிடுவார். அக்கா மேலே உள்ளதைத் தட்டுவாள். நான் கீழே உள்ளதற்குப் போவேன். லிங்கநகரில் எங்கள் வீட்டு வழக்கம் மூன்று வருடமாக இதுதான். ஏன் இரண்டு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைத்தான் காட்டிக் கொடுத்திருப்பார்கள்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம், கணினி ஒரு கோப்பைத் திறக்கவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வகுப்புத் தோழி ஒருத்தியிடம் பென் ட்ரைவ் வாங்கிவந்து, புது விண்டோஸ் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஹார்ட் டிஸ்க்கின் எந்தப் பகுதியில் போடுவது என்று திரை கேட்டது. பழையது இருந்த பகுதியை அழிக்கப் பயம். பக்கத்துப் பகுதியில் நிறைய இடம் கிடந்தது. அதிலே போட்டேன். புதியது பிறந்தது, பழையது சாகவில்லை.

அது பிழை என்று தெரிந்த பிறகும் எனக்குத் திருத்த மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த இரண்டும் என்னைப் பிரமிக்க வைத்தன. அக்காவின் விண்டோஸுக்குள் போனால் அவளுடைய பகுதிதான் சி ட்ரைவ், என்னுடையது மற்றது. என்னுடையதற்குள் போனால் நான் சி, அவள் மற்றது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூதூரில் நின்று பார்த்தால் நாங்கள் அக்கரை, இங்கிருந்து பார்த்தால் மூதூர் அக்கரை. நடுவில் கிடப்பது ஒரே குடாவின் தண்ணீர். அப்படித்தான் உள்ளங்கையளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றில், ஒன்று விழித்திருக்கும்போது மற்றது முழுசாகத் தூங்கியது. ஒன்றின் திரைக்குப் பின்னணியாக நான் போட்ட படம் மற்றதற்குத் தெரியாது. சும்மா பார்ப்பதற்காகவே மாறி மாறி உள்ளே போய் வந்திருக்கிறேன்.

அக்காவுக்குப் பிரமிப்பு வேறு இடத்தில். மட்டக்களப்பில் கம்பஸில் விலங்கியல் படிக்கிறாள், இறுதி வருடம். அவளுடைய ஆய்வு எங்கள் துறைமுக வாய்க்கு வெளியே வந்துபோகும் திமிங்கிலங்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், பயணிகளை ஏற்றிப் போகும் படகில் விடியவே போய்விடுவாள். திமிங்கிலம் ஆழத்துக்கு இறங்கும்போது வால் மேலே எழும்பி நாலைந்து விநாடி நிற்கும். அதைத்தான் படம் எடுப்பாள். வாலின் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளையும் கிழிசல்களையும் வைத்து இது யார், அது யார் என்று பிரிப்பாள். பெயரும் வைத்திருந்தாள்: சீப்பு, ஓட்டைப்பல், கிழிஞ்ச சேட்டு.

எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது, கறுப்பாய், ஈரமாய். ஒருநாள் அதைச் சொல்லிவிட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்ர ரெண்டு விண்டோஸும் ஒண்டெண்டுதான் அம்மாவும் நினைக்கிறா" என்றாள்.

இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. அக்கா வெள்ளிக்கிழமை வந்து, இரண்டு கிழமைக்குள் ஆய்வறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் ஹார்ட் டிஸ்க் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியது. அவள் வருவதற்குள் இடம் ஒதுக்கிக் கொடுப்போம் என்று தீர்மானித்தேன். இரண்டில் ஒன்று போக வேண்டும். போகப்போவது என்னுடையது. எனக்கே என் பெருந்தன்மை பிடித்திருந்தது.

அக்காவின் பக்கத்தை ஒழுங்காகத்தான் சோதித்தேன். அவளுடைய ஆவணங்களுக்குள் மூன்று கட்டுரைகள், படங்களுக்குள் பஸ் நேரசூசியின் படம் ஒன்று. திமிங்கிலங்களைக் கம்பஸில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். டெஸ்க்டொப்பில் கிடந்த என் சாமான்களை மட்டும் பார்த்துப் பென் ட்ரைவில் ஏற்றினேன். அவளுடைய விண்டோஸுக்குள் போய், என்னுடைய பகுதியைப் பிடித்து, போர்மட் கொடுத்தேன். எல்லாம் அழியும், சரியா என்று கேட்டது. சரி. பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. நீலத் திரையில் இருந்த இரண்டாவது வரியையும் எடுத்துவிட்டேன். கணினி நிற்காமல் நேரே உள்ளே போனது.

"இனிக் கேத்தில் வைக்கவும் நேரமில்லைப் போல" என்றார் அம்மா, கதவடியில் நின்று.

சந்தோசத்தில் அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அப்ப என்ர வால் எல்லாம்?"

"அது உங்கட கம்பஸில தானே அக்கா?"

"எனக்கு எங்க கம்பஸில கொம்பியூட்டர்? நீதானே சொன்னனீ, ஒரு சாமானையும் சி-யில வைக்காதேங்கோ, விண்டோஸ் பழுதானால் எல்லாம் போயிடும், பக்கத்து ட்ரைவில வையுங்கோ எண்டு. நீ சொன்ன இடத்திலதான் வைச்சனான்."

எங்கள் ஊரில் கணினி தெரிந்த எவரும் முதலில் சொல்லும் புத்திமதி அது. சியில் வைக்காதே. பதினைந்து வயதில் பெரிய ஆள்போல் அக்காவுக்குச் சொன்னேன். அடுத்த வருடம், அதே பத்திரமான இடத்தில் என் விண்டோஸைக் கொண்டுபோய்க் குடியேற்றினேன். சொன்னது எனக்கு மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை. அத்தனை மாதத்து வால்களும் என் விண்டோஸுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்திருக்கின்றன. கமெரா படகுக்காரருடையது. படங்களை வீட்டில் ஏற்றியதும் அதன் மெமரி அட்டையை வெறுமையாக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வேறெங்கும் ஒரு பிரதி இல்லை.

கணினியின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தேன். இனி அதில் ஒரு எழுத்தும் எழுதப்படக் கூடாது என்பது மட்டும் தெரியும். மற்றதைத் தொலைபேசியில் வாசித்தேன். நான் செய்தது விரைவுப் போர்மட். அது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்திருக்கிறது. பக்கங்கள் இன்னும் அங்கேதான். மேலே யாராவது எழுதும்வரை இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, பென் ட்ரைவ் தந்த அதே தோழியின் மடிக்கணினியை வீட்டுக்கு வாங்கிவந்து, அதில் எங்கள் டிஸ்க்கைப் பொருத்தினேன். மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். அது டிஸ்க்கை அடியிலிருந்து துளித்துளியாகத் தடவிக்கொண்டு வந்தது. மத்தியானம் அக்கா பஸ்ஸால் இறங்கி வந்து, பையைத் தோளிலிருந்து எடுக்காமலே கதிரையில் இருந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முதலில் வந்தவை நான் எப்போதோ அழித்த விளையாட்டுகளின் துண்டுகள். பிறகு, நான் மறந்தே போன என் வகுப்புப் படம் ஒன்று. அழித்தேன் என்று நான் நம்பிய எதுவும் அழியவில்லை. வருடக்கணக்காக எங்கள் காலடியில் கிடந்திருக்கிறது. ஒரு மணிபோல, வெறும் எண்ணைப் பெயராகக் கொண்டு ஒரு படம் திறந்தது. சாம்பல் கடல், நடுவில் ஒரு வால். பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் நின்றோம். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணி ஆடை கட்டியது.

பின்னேரம் தோழியின் டிஸ்க்கில் ஒன்று, அம்மாவின் அலுமாரிக்குள் வைக்க ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்தேன். ஆனால் எது யாருடைய வால் என்று அக்கா எழுதிவைத்த அட்டவணை திறக்கவில்லை. கோப்பின் பெயர்களும் போய்விட்டன. இருந்தவை எண்களும், எடுத்த திகதிகளும்தான். அவளுடைய வேலை முழுவதும் அந்த அட்டவணையில்தான் இருந்தது.

"ஏலுமா அக்கா?" என்று கேட்டேன்.

"பாப்பம். நீ எழுது" என்று கொப்பியை என்னிடம் தந்தாள்.

முதல் படத்தைத் திறந்தாள். "சீப்பு." அடுத்தது. "ஓட்டைப்பல்." அடுத்தது. "திரும்பவும் சீப்பு, வெளிச்சம் மற்றப் பக்கம்." நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போனாள். நம்பாமல், முதல்நாள் பார்த்த படங்கள் சிலவற்றை மறுநாள் இடையில் செருகிக் கொடுத்தேன். ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. ஒன்றில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது நேற்றைய படம், விளையாடாத" என்றாள். மூன்று வருடம் ஒரே மேசையில் இருந்திருக்கிறோம். எனக்குப் பக்கத்தில் இருந்தது இப்படி ஒரு கண் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை ஒரு படத்தில் நின்றாள். ஆடி மாதத்தில் எடுத்தது. இடது ஓரத்தில் பெரிய கடி. அட்டவணையில் அதைப் புதுத் திமிங்கிலம் என்று எழுதியதாக ஞாபகம் என்றாள். பங்குனிப் படங்களுக்குள் தேடி, கிழிஞ்ச சேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இப்போது இரண்டு கோப்பிலும் பெயர் இல்லை, வால் மட்டும்தான். கடியைக் கையால் மறைத்தாள். மறைத்ததும் எனக்கும் தெரிந்தது. வலப்பக்கத்தில் அதே மூன்று வெட்டுகள், அதே இடைவெளி.

"நான் ஒராளை ரெண்டு பேரா எழுதி வைச்சிருக்கிறன்" என்றாள் மெதுவாக.

நான் கொப்பியில் ஒரு வரியை வெட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் திரையிலேயே இருந்தது.

"பொறு. அப்ப இது திரும்பி வந்திருக்கு. எங்கயோ போய், கடிபட்டு, நாலு மாதத்தால திரும்பவும் எங்கட வாசலுக்கு வந்திருக்கு."

இரண்டு திகதிகளையும் ஒரே பெயருக்கு நேரே எழுதினேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, அறிக்கையின் முதல் பக்கத்தைத் தட்டத் தொடங்கினாள்.