பெர்மிட்டில் எழுதாத வேலை

எங்க வீட்டுக்காரருக்கு மலேசியாவுல ஓட்டல் வேலை. தட்டு கழுவணும், மேசை துடைக்கணும். சிவகாசிப் பக்கம் திருத்தங்கல்ல வருசக்கணக்கா ஆப்செட் மிஷின் ஓட்டுன மனுசன் அவரு. ஓட்டல் இருந்த தெருவுலயே ஒரு அச்சாபீஸ் இருந்திருக்கு. லீவு நாள்ல மிஷின் சத்தம் கேட்டு எட்டிப் பாத்திருக்காரு. கலர் விலகி ஓடுறதைப் பாத்துட்டு, சும்மா இருக்க முடியாம உள்ள போயிக் கையை வச்சிட்டாரு. அந்த முதலாளி, "இங்கனயே இருந்துருய்யா"ன்னாராம். இவரும் ஓட்டலை விட்டுட்டு அங்கயே இருந்துட்டாரு.

எங்க ஊர்ல இது ஒரு தப்பே இல்ல. காலண்டர் சீசன்ல ஒரு ஆபீஸ்ல ஆர்டர் இல்லைன்னா, அடுத்த ஆபீஸ்ல போயி மிஷினைப் பிடிப்பாக. பழைய முதலாளி ரெண்டு நாள் மொறைப்பாரு. அப்புறம் டீக்கடையில பாத்தா அவரே டீ சொல்லுவாரு. அங்கயும் அப்படித்தான்னு நினைச்சிருக்காரு. போன்ல சொன்னப்ப நானும் சந்தோசமாத்தான் கேட்டேன்.

அடுத்த தடவை எங்க தெரு டெலிபோன் பூத்துக்கு போன் வந்தப்ப அவரு குரலே எந்திரிக்கல. "ஓட்டல்காரரு எம் பெர்மிட்டை ரத்து பண்ணிட்டாராம். பாஸ்போர்ட்டும் அவருகிட்டதான் இருக்கு. நான் ஓடிப்போன ஆளாம் புள்ள."

அவரை அனுப்பி வச்ச ஏஜென்டுகிட்ட ஓடுனேன். "ஏம்மா, பெர்மிட்டுல யாரு பேரு இருக்கோ அவருகிட்ட மட்டும்தான் வேலை பாக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இஷ்டத்துக்குக் கம்பெனி மாறுறதுக்கு அது என்ன சிவகாசியா?"ன்னாரு.

"பிடிச்சா என்ன செய்வாக?"

"செயிலு. பெரம்படியும் உண்டு." குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "பின்பக்கத்துல அடிப்பான். பல நாளைக்கு உக்கார முடியாது."

நான் லேசுலயே பயப்படுற ஆளு. வீட்டைப் பூட்டிட்டுப் பாதித் தெரு போயிட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பேன். அதுக்கப்புறம் கேக்கணுமா? நான் வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில சரத்தைத் தப்புத் தப்பாப் பின்னுனேன். போர்மேன் பாத்துட்டாரு. "மனசு இங்கன இல்லைன்னா வெளிய போயி லேபிள் ஒட்டும்மா. உன் அறையில இன்னும் மூணு உசுரு இருக்கு." அவரு சொன்னது சரிதான். லேபிளையும் தலைகீழா ஒட்டுனேன். இருக்கன்குடி மாரியாத்தாகிட்ட ஒரு நாள் மொட்டைன்னு நேந்தேன், மறுநாள் அக்கினிச்சட்டின்னு நேந்தேன். எது போதும்னு தெரியல.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பேசுனாரு. "அரசாங்கத்துல, தானா வந்து நிக்கிறவுகளை அபராதம் மட்டும் வாங்கிட்டு ஊருக்கு அனுப்புறாகளாம். கொஞ்ச நாளைக்குத்தானாம். போகட்டுமா, அச்சாபீஸ்லயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கட்டுமா? நீயே சொல்லு."

பக்கத்துல நின்ன எங்க அண்ணன் போனைப் பிடுங்கிட்டான். "போகாதீக மாப்ள! வழியிலயே பிடிச்சுட்டா, தானா வந்தேன்னு சொன்னா எவன் நம்புவான்? சம்பளம் வருதுல்ல, பேசாம இருங்க."

அதுவும் சரியாத்தான் பட்டுச்சு. ஒரு சேலை எடுக்கவே நாலு பேரைக் கேக்குற ஆளு நான். அஞ்சாப்போட படிப்பு நின்னவகிட்ட வந்து இதைக் கேக்குறாரேன்னு அழுகை வந்துச்சு. ஒளிஞ்சே இருந்தா, ஒவ்வொரு நாளும் யாராவது கதவைத் தட்டுவாகளேன்னுதான் நினைப்பு ஓடுச்சு. போனைத் திரும்ப வாங்கி, "போங்க. போயி நில்லுங்க"ன்னேன்.

"நல்ல பொண்டாட்டி. புருசனைச் செயிலுக்கு வழியனுப்பிட்டா"ன்னான் அண்ணன்.

அதோட போன் நின்னு போச்சு. வாரக்கணக்கு மாசக்கணக்கு ஆச்சு. பூத்துக்காரரு என்னையக் கண்டாலே தூரத்துலயே கையை விரிச்சுருவாரு. அண்ணன் சொன்னதுதான் நடந்திருக்கும்னு முடிவே பண்ணிட்டேன். சோத்துல கையை வச்சா அந்தப் பெரம்புதான் கண்ணுல நிக்கும்.

ஒரு நாள் போன் வந்துச்சு. திருச்சியில இறங்கிட்டேன்னாரு. ஓட்டல்காரரு பாஸ்போர்ட்டைக் குடுக்காம இழுத்தடிச்சதுல, அம்புட்டு நாளும் முகாம்லயே அடைச்சு வச்சிட்டாகளாம்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல போயி நின்னேன். பாதி ஆளா இறங்குனாரு. சாப்பிட்டீகளான்னுகூடக் கேக்கல.

"அடிச்சாகளா?"

"இல்ல."

"நெசமா?"

"இல்லைன்னா இல்ல புள்ள. இன்னொருத்தனை அடிச்சுக் கொண்டாந்து கவுத்துப் போட்டாக. அதைப் பத்திக் கேக்காத."

சிவகாசி பஸ்ஸுல ஒரே ஒரு சீட்டு இருந்துச்சு. என்னைய உக்கார வச்சிட்டுக் கம்பியைப் பிடிச்சு நின்னாரு. திருமங்கலத்துல பஸ்ஸு பாதி காலியாச்சு. "உக்காருங்க"ன்னேன். "இருக்கட்டும்"னாரு. உக்கார முடியாதுன்னு ஏஜென்டு சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. பொய் சொல்றாரு, அடிச்சிருக்காக.

"யோவ், நின்னுக்கிட்டு வர்றதுக்கு டிக்கெட்டு கம்மியா என்ன? உக்காருய்யா"ன்னு கண்டக்டர் சத்தம் போடவும், எம் பக்கத்துல உக்காந்தாரு. கள்ளிக்குடிகிட்ட ஒரு பள்ளத்துல பஸ்ஸு எல்லாரையும் தூக்கிப் போட்டுச்சு. நான் அவரு மொகத்தையே பாத்தேன். ஒரு சுழிப்பு இல்ல.

"பெறகு ஏன் அம்புட்டு நேரம் நின்னீக?"

"அங்க நாள் பூரா வரிசையா உக்கார வச்சே இருப்பாக. எந்திரிச்சா அடி. அதான், கொஞ்ச நேரம் நிக்கலாம்னு."

"அப்ப நில்லுங்க"ன்னேன். எந்திரிச்சாரு. நானும் எந்திரிச்சேன். விருதுநகர் வரைக்கும், காலி சீட்டை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே வந்தோம்.