கதவைச் சாத்திக்கொண்டு வெயிலை அளந்தேன்

வெயிலைச் சமாளிக்கும் திட்டங்களுக்கு அரசு நிதி தருகிறது என்றதும், புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊருக்காக நானே விண்ணப்பம் எழுத ஆரம்பித்தேன். தகரக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும் என்பது என் யோசனை. உள்ளே எவ்வளவு வெப்பம் என்று காட்ட, ஒரு மதியம் எங்கள் வீட்டுக் கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிட்டு வெப்பமானியோடு உட்கார்ந்தேன். அம்மாவும் அப்பாவும் கேரளாவில் வேலைக்கு இருந்தார்கள். பேச ஆளில்லாத வீட்டில் எனக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

எண் ஏற ஏற உற்சாகமாகத்தான் இருந்தது. பிறகு தலை சுற்றியது. எழுந்துபோய்க் கதவைத் திறக்கக் கால் வரவில்லை. யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். ஒரு பெயரும் தோன்றவில்லை.

ஓடிப்போன ஆட்டைத் தேடி வந்த பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். வெளியே இழுத்துப்போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

"இன்னாம்மா, கதவ சாத்திக்கினு உள்ள வெந்துக்கினு கீற?"

"வெயில் எவ்ளோன்னு பார்த்தேங்க்கா."

"நல்லா பார்த்த போ. என் ஆடு அடங்கின ஆடா இருந்தா, நீ போய்ச் சேர்ந்திருப்ப."

இப்போதெல்லாம் தனியாக அளப்பதில்லை. விண்ணப்பத்தையும் மாற்றிவிட்டேன். பூச்சுக்கும் முன்னால், கோடை மதியங்களில் தனியாக இருப்பவர்களின் கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கேட்டிருக்கிறேன். நிதி வரும்வரை நானே தட்டுகிறேன். திறப்பவர்கள் யாரும் என்னைச் சீக்கிரம் விடுவதில்லை.