தீர்த்தம்மாள் போட்ட மின்சுற்று

கணவன் முருகேஷ் இறந்த பிறகு தீர்த்தம்மாள் மோட்டார் கொட்டகைக்குள் காலடி வைக்கவில்லை. நல்லம்பள்ளிக்குத் தெற்கே அவளுக்குக் கொஞ்சம் சாமந்தித் தோட்டம் உண்டு. பூப்பறிப்பது, மூட்டை கட்டித் தருமபுரி மார்க்கெட்டுக்கு அனுப்புவது, களையெடுக்க ஆள் பிடிப்பது எல்லாம் அவளேதான். தண்ணீர் பாய்ச்சும் நேரம் மட்டும் வரப்பில் நின்று பக்கத்துத் தோட்டத்துச் சவுரியப்பனைக் கூப்பிடுவாள். அவர் வந்து ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டுப் போவார். வீட்டில் மிக்ஸி இருந்தும் அம்மியில் அரைத்தாள். விளக்கு போடக்கூட மகள் கவிப்பிரியாதான் வரவேண்டும்.

முருகேஷுக்கு நடந்தது ஒரு நொடியில் முடிந்துபோன விஷயம். கிணற்று மோட்டார் சூடாகிறதா என்று பார்க்கக் கை வைத்தான். கரண்ட் பிடித்துக்கொண்டது, வைத்த கையை எடுக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அசால்ட்டா இருந்துட்டான். ஈரக்காலோட போயி யாராச்சும் மோட்டாரத் தொடுவாங்களா?" கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது உண்மையாகிவிட்டது. பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவன் மேல் கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை.

கவிப்பிரியா பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்ததும், தருமபுரியில் டிப்ளமோ படிக்கப் போகிறேன், எலெக்ட்ரிக்கல் எடுக்கப் போகிறேன் என்றாள்.

"வூட்ல ஒரு உசுரு போனது பத்தாதா?" என்று கேட்டதோடு தீர்த்தம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மகளும் வாதாடவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் சோறு போடவும் தண்ணீர் கேட்கவும் மட்டும் பேசிக்கொண்டு சில நாள் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூத்தொடுத்துக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் மகளின் போனை எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு பேட்டரி, இரண்டு ஒயர், ஒரு பல்பு. ஒயருக்குள் நீலப் புள்ளிகள் எறும்புச் சாரை போல ஊர்ந்துகொண்டிருந்தன.

"என்னாடி இது?"

"ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல காட்டுனாங்கம்மா. சர்க்யூட் போட்டுப் பாக்கறது. நெசக் கரண்டு இல்ல, ஷாக் அடிக்காது."

பெண் ஒயரின் ஒரு முனையைக் கழற்றினாள். புள்ளிகள் அத்தனையும் அதே இடத்தில் நின்றன. பல்பு அணைந்தது. மறுபடி மாட்டினாள், ஓடின. தீர்த்தம்மாள் பூவைக் கீழே வைத்துவிட்டுத் தானும் விரலால் ஒரு ஒயரை இழுத்துப் பார்த்தாள். பேட்டரியின் இரண்டு பக்கத்தையும் நேரே இணைத்துவிட்டாள் போலிருக்கிறது. படத்தில் தீ எழுந்தது. போனை விட்டெறிந்தாள். கவிப்பிரியா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தீர்த்தம்மாளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம்வரை போன் அவள் கையில்தான் இருந்தது. ஒரு பல்பு, இரண்டு பல்பு, அடுத்தடுத்து, பக்கம் பக்கமாக. மின்தடை என்ற சின்னக் குழாயைச் சேர்த்து, அதன் எண்ணைக் கூட்டினால் புள்ளிகள் மெதுவாகப் போவதையும் குறைத்தால் பாய்வதையும் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் குழாயின் மேல் விரலை வைத்தாள்.

"மனுசன இதுல போட முடியுமா?"

கவிப்பிரியாவுக்குப் புரிந்தது. "மனுசனும் ஒரு மின்தடைதாம்மா. காஞ்ச தோலுன்னா எண்ணு பெருசு. ஈரம்னா சின்னது."

"போடு. மோட்டாருக்குப் பக்கத்துல போடு."

பெண் போட்டாள். பேட்டரியிலிருந்து வந்த ஒயர் மோட்டாரின் இரும்பு உடம்பைத் தொட்டது என்று வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து தரைக்குப் போக ஒரே வழி அந்த மின்தடை. புள்ளிகள் எல்லாம் அதன் வழியாகவே போயின. தீர்த்தம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"இப்ப எர்த் ஒயர் போடறேன்," என்று கவிப்பிரியா பேட்டரியோடு ஒரு ஃபியூஸையும் மாட்டி, பக்கத்திலேயே இன்னொரு ஒயரைத் தரைக்கு இழுத்தாள். புள்ளிகள் கூட்டமாக அந்தப் பக்கம் பாய்ந்தன. மறு நொடியே ஃபியூஸ் போய், எல்லாம் நின்றது. மின்தடையின் பக்கம் ஒன்றும் அசையவில்லை.

"நம்ம மோட்டாருக்கு எர்த் இருந்துச்சே. உங்கப்பாதான் ஆள வெச்சுப் போட்டாரு. நான் பாத்தேன்."

"இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்காதும்மா."

மறுநாள் காலை, கரண்ட் வராத நேரம் பார்த்து இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். செருப்போடு பலகை மேல் நின்று, காய்ந்த கொம்பால் கவிப்பிரியா மெயினை இறக்கினாள். சுவரிலிருந்து இறங்கிய எர்த் கம்பி மண்ணுக்குள் போகும் இடத்தைத் தீர்த்தம்மாள் கொத்தினாள். ஒரு முழம்கூடத் தோண்டியிருக்கமாட்டாள். கம்பி சும்மா கையோடு வந்தது. முனை துருவேறிப் பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே வெறும் மண்.

கரண்ட் வரும் நேரமென்று மோட்டார் போட வந்த சவுரியப்பன் வாசலிலேயே நின்றார். "என்னா தீர்த்தம்மா, தோண்டிக்கிட்டு?"

"உள்ள வராதீங்கண்ணா. பெட்டியத் தொடாதீங்க."

அவள் கம்பியைக் காட்டினாள். சாவுக்குப் பிறகு மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை மாற்றிக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. சவுரியப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நானும் தெனமும் கை வெச்சுத்தான் பாத்துட்டுப் போறேன், சூடாவுதான்னு," என்றார். பிறகு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவரும் அதத்தாண்ணா செஞ்சாரு," என்றாள் தீர்த்தம்மாள். "எல்லாரும் செய்யறதத்தான் செஞ்சாரு."

அதைச் சொல்லிவிட்டுக் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டாள். வரப்பு ஏறி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நேற்றுத்தான் சாவு விழுந்த வீடு போல அழுதாள். கவிப்பிரியா தடுக்கவில்லை.

நல்லம்பள்ளியிலிருந்து எலெக்ட்ரீசியன் தஸ்தகீர் வந்து பழைய கம்பியைப் பார்த்தார். எர்த்துக்குப் புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினார். மகள் போனில் காட்டியதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு சரிதாம்மா. ஆனா மண்ணு ஒயரு மாதிரி கெடையாது. கோடையில காஞ்சா கரண்ட்ட உள்ள வாங்காது, ஃபியூஸு போவாமலே நின்னுடும். அதனால கரண்டு எங்கயாச்சும் ஒழுகுனா தானா கட் ஆவற சுவிட்சு ஒண்ணு போடறேன். குழிக்கு அப்பப்ப தண்ணி ஊத்துங்க."

தீர்த்தம்மாள் ஊற்றினாள். அக்கம்பக்கத்துக் கொட்டகைகளுக்கும் போய்ச் சொன்னாள். சிலர் தோண்டிப் பார்த்தார்கள். சிலர், எங்க மோட்டார் நல்லாத்தான் ஓடுது என்றார்கள். முருகேஷைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவள் விடமாட்டாள். "அசால்ட்டு இல்லீங்க, கம்பி அத்துப்போச்சு," என்பாள், சொல்பவர் யாராக இருந்தாலும்.

கவிப்பிரியா இப்போது தருமபுரிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். சேர்ப்பதற்குத் தீர்த்தம்மாளே கூடப் போய், எலெக்ட்ரிக்கல் என்று எழுதியிருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் மகள் வந்ததும், அன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று கேட்பாள். பாதி புரியாது. போன வாரம் ஏசி கரண்ட் பாடம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் அந்த நீலப் புள்ளிகள் போல ஒரே திசையில் ஓடாது, முன்னும் பின்னும் அசைந்தபடியே இருக்கும் என்று பெண் விளக்கினாள்.

தீர்த்தம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "போனது திரும்பி வந்துட்டே இருந்தா, பல்பு எப்பிடிடீ எரியும்?"

கவிப்பிரியா புத்தகத்தை எடுத்து இருவருக்கும் நடுவில் விரித்து வைத்தாள்.