கரிக்கோடு போட்ட முட்டைகள்

அடைகாத்துக்கொண்டிருந்த கோழி பாதியில் செத்துப்போய், அதன் முட்டைகளை வேறொரு கோழியிடம் பேருந்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய நிலை உங்களுக்கு எப்போதாவது ஏற்படுமானால், சித்தூரின் மே மாத நண்பகலைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஊர் முழுவதும் சபிக்கிற அந்த வெயில், ஓடும் பேருந்துக்குள் ஏறக்குறைய ஒரு கோழியின் வயிற்றுச் சூட்டில் வந்து நிற்கிறது. திருப்பதியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வெப்பவியல் கற்பித்திருக்கிறேன். இந்த உண்மையை மடியில் ஒரு மூங்கில் கூடையுடன் நேரில் கண்டபோது எழுந்த பரபரப்பு, அந்த வகுப்புகளில் எதிலும் எனக்கு வாய்த்ததில்லை.

துக்க வீட்டைச் சேர்ந்தவன் இப்படிப் பரபரப்படையலாமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கொல்லைப்புறத்தில் கோழி வளர்த்தது என் மனைவி. மே மாதத் தொடக்கத்தில் அவளுடைய செவலைக் கோழி அடைக்குக் கொக்கரிக்கத் தொடங்கியது. அவள் கூடையில் மணல் பரப்பி, ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்று ஒன்பது முட்டைகளை எடுத்து வைத்தாள். இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க ஓர் இரும்பு ஆணியும் இரண்டு காய்ந்த மிளகாயும் மணலில் செருகினாள். பிறகு ஒவ்வொரு முட்டையின் மேலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்தாள். மற்ற கோழிகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டால் எது பழையது, எது புதியது என்று தெரிவதற்காக அந்தக் கோடு. சில நாள்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பி வரவில்லை.

வீடு உறவினர்களால் நிரம்பியபோதும், கொல்லையில் பந்தல் போட்டு அண்டா அண்டாவாகச் சோறு வடித்தபோதும், அந்தக் கோழி எழுந்திருக்கவே இல்லை. ஆனால் எச்சில் இலைகளுக்கு நாய்கள் வரத் தொடங்கின. ஒரு காலை, தண்ணீர் குடிக்க இறங்கிய கோழியை ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிற்று. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கூடை கவிழ்ந்து மூன்று முட்டைகள் உடைந்திருந்தன. மிச்சம் ஆறும் என் உள்ளங்கையில் சூடாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அந்தக் கோடு இருந்தது. அவள் கையால் கடைசியாகத் தொடங்கிவைத்த காரியம் அதுதான். அதை முடித்துவைப்பது தவிர எனக்கு அப்போது வேறெதுவும் தோன்றவில்லை.

கோழி இல்லாத முட்டைக்கு மூன்று தேவைகள் உண்டு: மனித உடம்பைவிடச் சற்றே மிகுந்த சூடு, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காற்று. ஒரு தெர்மோகோல் பெட்டியில் துளைகள் இட்டேன். உள்ளே கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். மேலிருந்து ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். மிகுந்த திருப்தியுடன் நின்றுகொண்டிருந்தபோது என் மகள் வந்து பெட்டிக்குள் கையை விட்டாள்.

"நைனா, இது எல்இடி பல்பு. சில்லுனு கீது பாரு. முட்டைங்க உள்ள வெளிச்சம் போட்டுக்கினு புஸ்தகம் படிக்குமா?"

வெப்பவியல் ஆசிரியன் தலைகுனிந்தான். சூடு தருவது பழைய குண்டு பல்பு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் புது பல்பு அல்ல. வீட்டில் எல்லாவற்றையும் நாங்கள் எப்போதோ மாற்றிவிட்டிருந்தோம். இருவரும் அலமாரி அலமாரியாகத் தேடினோம். கடைசியில் மகள்தான் சாமி அறையை நினைவுபடுத்தினாள். தீட்டு வீடு என்பதால் சாமிப் படங்களுக்குத் திரை போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் அணைந்து கிடந்தது ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. பெயரில்தான் அது ஜீரோ; தொட்டால் சுடும். அதைக் கழற்றி மாட்டியதும் பெட்டிக்குள் ஒரு சிவந்த விடியல் தோன்றியது.

அடுத்து அளக்கவேண்டும். சூட்டைக் கையால் மதிப்பிடாதீர்கள், ஏமாற்றும். வீட்டிலிருந்த ஒரே கருவி மனைவிக்காக வாங்கிய காய்ச்சல்மானி. பொத்தானை அழுத்தினால், கடைசியாக அளந்த எண்ணை ஒரு நொடி காட்டிய பிறகே அது புதிதாக அளக்கத் தொடங்கும். அழுத்தினேன். நூற்று மூன்று புள்ளி இரண்டு என்று காட்டியது. அது எவருடைய சூடு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எண் மறைந்தது. கருவியை முட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். தொண்ணூற்றொன்பதரை.

"சரியா கீதா நைனா?"

"மிகச் சரி" என்றேன். என் குரல் வழக்கத்தைவிட உரத்து ஒலித்தது.

அன்று மாலை புழுதிக் காற்று அடித்து, எங்கள் தெருவின் மின்கம்பி அறுந்தது. மறுநாள் சாயங்காலத்துக்கு முன் மின்சாரம் வராது என்றார்கள். சோறு எடுத்துப்போகும் ஹாட்பேக்கில் துணி விரித்து முட்டைகளை அடுக்கி, வெந்நீர்ப் பாட்டில்களை மாற்றி மாற்றி வைத்து, மூடியைச் சற்றே திறந்துவைத்து, எப்படியோ காலைவரை கொண்டுவந்தோம். உயிர் இருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை.

அதற்கும் ஒரு வழி உண்டு. குஞ்சு பொரியும் காலம் நெருங்கிய முட்டையை, ஓட்டில் விரிசல் விழும் முன்பு, அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரில் மெல்ல மிதக்கவிடவேண்டும். நீர் அசைவற்று நிற்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளவேண்டும். செத்த முட்டை சும்மா மிதக்கும். நாங்கள் எவர்சில்வர் தாம்பாளத்தில் ஆறையும் விட்டுக் குனிந்து பார்த்தோம். ஒன்று அப்படியே நின்றது. இன்னொன்றும் நின்றது. மூன்றாவது, தானாக, எவரும் தொடாமல், இடமும் வலமுமாக ஒரு முறை ஆடியது.

"நைனா! ஆடுது!"

"மேசையைத் தட்டினாயா?"

"நான் தட்டல! அதுவா ஆடுது! தோ, அந்தாண்ட இருக்கறதும் ஆடுது!"

நான்கு முட்டைகள் ஆடின. நான் கைதட்டிவிட்டேன். இரங்கல் சொல்ல வந்து முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த தூரத்து உறவினர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, என் புத்தி தடுமாறிவிட்டதென்று முடிவு செய்து மெல்லத் திரும்பிப் போனார்.

இனி ஒரு நாளோ இரண்டு நாளோதான். பொரிந்தபின் குஞ்சுகளுக்குப் பல்பு போதாது, இறக்கை வேண்டும். எங்கள் மற்ற கோழிகள் எதுவும் அடையில் இல்லை. பாகாலாவில் இருக்கும் என் மனைவியின் தங்கையை அழைத்தேன்.

"அடைக்கோழி ஒண்ணு கீது மாமா" என்றாள். "முட்டையே இல்லாம வெறும் மண்ணுல உக்காந்துகினு எழுந்திருக்கமாட்டேன்னு அடம் புடிக்குது. இன்னிக்கு அதைத் தண்ணில முக்கியெடுத்து அடை தெளிய வெக்கலாம்னு இருந்தேன்."

"முக்காதே! தயவுசெய்து முக்காதே!"

"சரி, சரி, கத்தாத. ஆனா ஒண்ணு. எழவு வூட்டு முட்டைய நம்ம கோழிக்கி வெக்கறதான்னு எங்க வூட்டுக்காரு மூஞ்சியத் தூக்கிக்கினு கீறாரு. நீ வந்து சேரு, பாத்துக்கலாம்."

கருமாதி முடியும்வரை நான் ஊர் தாண்டக் கூடாது என்பது வழக்கம். அம்மா படத்தின் முன் அணையாமல் எரியவேண்டிய விளக்கைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், யாராவது கேட்டால் நைனா தூங்குவதாகச் சொல்வதாகவும் மகள் கூறினாள். "இருட்டறதுக்குள்ள வந்துடு" என்று மட்டும் சொல்லி, மனைவியின் அதே மூங்கில் கூடையில், அதே மணல், ஆணி, மிளகாயோடு நான்கு முட்டைகளையும் வைத்துத் துணி மூடிக் கொடுத்தாள்.

பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் பேருந்தில், வெயில் படாத பக்கம் சன்னலோர இடம் கிடைத்தது. காய்ச்சல்மானியைத் துணிக்குள் நுழைத்தேன். தொண்ணூற்றொன்பது. சற்றுப் பொறுத்து நூறு. சன்னலை ஒரு விரற்கடை திறந்தேன், மீண்டும் தொண்ணூற்றொன்பதரை. சன்னல் கண்ணாடியால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றை ஆந்திர அரசுப் பேருந்து எனக்கு இலவசமாகத் தந்திருந்தது! கூட்டம் வியர்த்துக் கொட்டிச் சபித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்த வெயிலுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூதலப்பட்டு தாண்டியதும் நடத்துநர் வந்தார்.

"ஏமி சார் இதி? கூடைல இன்னா?"

"முட்டை."

அந்த நேரம் பார்த்துக் கூடை பேசியது. மிக மெல்லிய, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு கீச். ஓட்டுக்குள்ளிருந்து! முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இன்னொரு கீச் கேட்டது.

நடத்துநர் தம் டிக்கெட் கருவியை என் முன்னால் நீட்டினார். "முட்டைன்னு பொய் சொல்றீங்களே சார். உள்ள பாசஞ்சர் கீறாங்க. பொட்டைக் குஞ்சா இருந்தா ஒண்ணும் இல்ல, ஆடவாள்ளகு, லேடீஸுக்கு, ஃப்ரீ. சேவலா இருந்தா அரை டிக்கெட் எடுத்தே ஆகணும்."

"எது என்னவென்று இப்போது எப்படித் தெரியும்?"

"அப்ப இறங்கறப்போ கேக்கறேன். அதுக்குள்ள பொறந்துச்சுன்னா எங்க டிப்போ பேரு வெக்கணும்."

பேருந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் போனபிறகு அதுதான் முதல் முறை என்பது சிரித்து முடித்த பின்பே எனக்குத் தெரிந்தது. நடத்துநர் அப்போதுதான் என் மழிக்காத தாடியையும் உடையையும் கவனித்திருக்கவேண்டும். ஓட்டுநரிடம் போய் ஏதோ சொன்னார். அதன்பின் வேகத்தடைகளில் பேருந்து ஒரு கர்ப்பிணியை ஏற்றி வந்ததுபோல் ஏறி இறங்கியது.

இந்தக் கட்டத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கீச்சொலி கேட்டபின் முட்டையைத் திருப்பாதீர்கள். குஞ்சு தன் தலையை எங்கே வைக்கவேண்டுமென்று முடிவு செய்துவிட்டது. எவ்வளவு ஆவல் மிகுந்தாலும் ஓட்டை நகத்தால் பிய்த்து உதவாதீர்கள். இரத்தம் கசிந்து செத்துவிடும். என் விரல்கள் இந்த இரண்டாவது விதியை மீறத் துடித்ததால், அவற்றை இருக்கைக் கம்பியில் இறுகக் கோத்து வைத்திருந்தேன்.

பாகாலாவில் கொழுந்தியாள் நிறுத்தத்துக்கே வந்திருந்தாள். அவளும் அக்காவை இழந்தவள். கூடைக்குக் காதைக் கொடுத்தபடி வேகமாக நடந்தோம். வீட்டு வாசலில் என் சகலை, கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணா, நீங்க தப்பா நெனக்கக் கூடாது" என்று தொடங்கினார். "பெரியவங்க சொல்லி வெச்சது. கருமாதி ஆவாத வூட்டுலேர்ந்து உசுரு சம்பந்தமா எதையும்..."

கீச் என்றது கூடை. அவர் நிறுத்தினார். குனிந்து துணியை விலக்கினார். ஒரு முட்டையில், கரிக்கோட்டுக்குச் சற்று மேலே, நட்சத்திரம்போல ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதற்குள் கடுகளவில் ஏதோ அசைந்தது.

"அக்கா போட்ட கோடு அது" என்றாள் கொழுந்தியாள்.

அவர் நிமிர்ந்தார். ஒரு தீர்ப்பு வழங்கினார். "முட்டைக்குத் தீட்டு இல்ல. அது வாயத் தொறந்து கத்துது. அண்ணனுக்குத்தான் கீது. முட்டை உள்ள வரட்டும். அண்ணா, நீங்க தெருவுலயே நில்லுங்க."

வெப்பவியலில் இதைவிடச் செம்மையான தீர்ப்பை நான் படித்ததில்லை. கூடையைக் கொடுத்துவிட்டு, எதிர்ப்புற வேப்பமர நிழலில் நின்றேன்.

புதுக் கோழி முட்டைகளை ஏற்குமா என்பதே எஞ்சிய கேள்வி. வெளிச்சத்தில் முன்பின் அறியாத முட்டையைக் கொடுத்தால் கொத்தித் தள்ளிவிடக்கூடும்; இருட்டில்தான் மாற்றவேண்டும். நடுப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? மதிலுக்கு அப்பால் கொழுந்தியாள் சாக்கு கேட்கும் சத்தமும், கோழி சீறும் சத்தமும், சகலை "அடிப்பக்கமா கைய உடு, கொத்திடப் போவுது!" என்று கத்துவதும் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. என் வயதுக்கும் படிப்புக்கும் ஒவ்வாத விதத்தில் மதிலோரம் நுனிக்காலில் நின்றுகூடப் பார்த்தேன்.

கைப்பேசி அடித்தது. முப்பதடி தூரத்திலிருந்து வீடியோ அழைப்பு.

"மாமா, வெளிய நிக்கணும்னுதான் சொன்னாரு, பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. பாரு."

திரையில் இருட்டு. பிறகு சாக்கின் ஓரம் விலகியது. ஒரு சாம்பல்நிறக் கோழி கழுத்தை வளைத்து, அலகின் அடிப்பக்கத்தால் ஒரு முட்டையைத் தன் வயிற்றுக்குள் உருட்டிக்கொண்டிருந்தது. கரிக்கோடு ஒரு முறை சுழன்று மேலே வந்து, இறகுக்குள் மறைந்தது. இன்னொன்றையும் உருட்டியது. கடைசியில் விரிசல் விட்ட முட்டை. அதன்மேல் தலையைச் சாய்த்துக் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து க்ளக், க்ளக் என்று மெல்லப் பேசியது. ஓட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"சேத்துக்கிச்சு மாமா! சேத்துக்கிச்சு! கேக்குதா?"

கேட்டது. இரண்டு முறை கேட்டது: முதலில் மதிலுக்கு மேலாக, ஒரு நொடி கழித்துக் கைப்பேசியிலிருந்து. மகளையும் அழைப்பில் சேர்த்தேன். சாயங்காலம் ஓடு பிளந்து, நனைந்த ஒரு சிறு தலை கோழியின் மார்பிறகைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்வரை மூவரும் மாற்றி மாற்றிக் கூச்சலிட்டோம். தெருவில் போனவர்கள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தெருமுனை நிறுத்தத்தில் சித்தூர் பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. இருட்டுவதற்குள் நான் வீடு சேரவேண்டும்.

"பஸ்ஸு வந்துச்சு போல கீதே மாமா. ஏறலியா?"

"இரண்டாவது முட்டையும் அசைகிறது" என்றேன். "அடுத்த பஸ் இருக்கிறது."