மச்சான் கால் நீட்டிய பந்து

உம்மா வீட்டு முற்றத்துக் கொடியில் நாட்டின் பெயர் எழுதிய ஜேர்சி முதன்முதலாகக் காய்ந்த அன்று, அதன் பக்கத்தில் நான் உடுக்கும் சாரத்தை உலரப் போட எனக்கு மனம் வரவில்லை. ஈரச் சாரத்தைக் கையில் பிடித்தபடி கிணற்றடியிலேயே நின்றேன். கடற்காற்றில் அந்த ஜேர்சி வயிறு புடைத்து, உள்ளே ஆள் இருப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையால் போனவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "உங்கட மச்சான்டயா?" என்று கேட்டார். ஓம் என்றேன். 

மச்சான் என்று நான் சொல்வது தங்கச்சியின் கணவரை. அவர் பாலமுனைக்காரர். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அதனால் நான் பிறந்து வளர்ந்த சாய்ந்தமருது வீட்டுக்கு அவர் வந்தார். சில மாதங்களில் எனக்கும் கலியாணம் முடிந்து, நான் நாலு ஒழுங்கை தள்ளி மனைவி வீட்டுக்குப் போனேன். யாரும் எனக்கு அநியாயம் செய்யவில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனாலும் உம்மாவைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு நாளும், என் வீட்டு வாசலில் அவருடைய பூட்ஸைத் தாண்டித்தான் நான் உள்ளே போகவேண்டியிருந்தது.

தேசிய அணிக்குப் போயிருக்க வேண்டியவன் நான் என்பதுதான் என் எண்ணம். ஊரில் பலருக்கும் அந்த எண்ணம் இருந்தது. எங்கள் கழகத்தில் நான் முன்வரிசையில் ஆடினேன், கோல் அடிப்பவன். அவர் இடது பக்கப் பின்களத்தில் ஆடினார். கோல் அடித்தவனின் பெயரைக் கல்முனைத் தேநீர்க்கடைகளில் சொல்வார்கள். பின்களத்தில் பந்தைத் தடுத்தவனின் பெயரை அவனுடைய வாப்பாகூடக் கேட்டிருக்க மாட்டார். கலியாணத்துக்கெல்லாம் முந்தி, தேசிய அணித் தெரிவுக்குக் கொழும்புக்கு வரச்சொல்லி எங்கள் இருவருக்கும் கடிதம் வந்தபோது, அவரை எனக்குத் துணையாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

பயிற்சி முகாம் நாலு நாள் நடந்தது. அங்கே பயிற்றுநர் பேசிய சிங்களம் மச்சானுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வாப்பா மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை அம்பாறை நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்பவர்; பள்ளி விடுமுறைகளில் அவரோடு அலைந்து நான் சிங்களம் பழகியிருந்தேன். ஆகவே நாலு நாளும் பயிற்றுநர் சொன்னதையெல்லாம் நான் மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். "முன்னுக்கு ஏறாதயாம், கோட்ட விட்டு உள்ளுக்கு வராதயாம், இடது காலால மட்டும் அடியாம்." அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னபடியே செய்தார். கடைசி நாள் பின்னேரம் பயிற்றுநர் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, உன் கூட்டாளியை நிற்கச் சொல், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். ஏன் என்று கேட்டேன். பந்து உன் காலில் இருக்கும்போது நன்றாக ஆடுகிறாய், மற்றவன் காலில் இருக்கும்போது நீ ஆடுவதே இல்லை என்றார்.

"என்னவாம்?" என்று மச்சான் கேட்டார்.

ஒரு கணம் என் நாக்கில் வேறொரு வாக்கியம் வந்து நின்றது. இரண்டு பேரையும் போகச் சொல்றார் என்ற வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னை நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்திருப்பார்.

"உன்ன நிக்கட்டாம்."

"நீ?"

"நான் போகட்டாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறவேண்டும் போல இருந்தது. ஊருக்கு வந்து, முழங்காலில் அடிபட்டதால் திரும்பிவிட்டேன் என்று சொன்னேன். அதை உண்மையாக்க இரண்டு கிழமை நொண்டியும் நடந்தேன்.

எங்கள் தேசிய அணியின் கதை பெரும்பாலும் தோற்ற கதைதான். அயல்நாடுகளை ஒரு காலத்தில் நம் ஆட்கள் ஓட ஓட வென்றார்கள் என்று வாப்பாவின் வயதுக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் காலத்தில் எத்தனை கோலால் தோற்றோம் என்பதுதான் செய்தி. கிரிக்கெட்டுக்குத் தூங்காமல் இருக்கும் நாடு, உதைபந்தாட்டத்தில் தோற்றால் காலையில் பத்திரிகையின் ஓரத்தில் நாலு வரி படித்துவிட்டு மறந்துவிடும். ஆனால் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் அப்படி இல்லை. மச்சான் வெளிநாட்டுக்கு ஆடப்போகும் நாட்களில் உம்மா நோன்பு பிடிப்பார், தங்கச்சி குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பாள். நான் என் மனைவி வீட்டில் இருந்து போனில் கோல் கணக்குப் பார்ப்பேன். நம் வலைக்குள் ஒரு கோல் விழுந்தால் என் நெஞ்சுக்குள் எதுவோ இலேசாகும். இரண்டாவது விழுந்தால் மனைவியிடம் தேத்தண்ணி கேட்பேன். சொந்த நாடு தோற்பதற்குக் காத்திருந்தவன் நான் என்பதை இன்றுதான் எழுத்தில் வைக்கிறேன்.

அவர் பெண் கேட்டு வந்தபோதே இந்தச் சம்பந்தத்தை நான் நிறுத்தியிருக்கலாம். உம்மா என்னைத்தான் கேட்டார். "உனக்குத்தானே, மகன், தெரியும். எப்பிடிப் பொடியன்?" ஒரு குறை தேடினேன். அவர் சிகரெட் குடிப்பதில்லை. தொழுகை விடுவதில்லை. உதைபந்தாட்டத்தால் கிடைத்த அரசாங்க வேலையின் சம்பளத்தை அப்படியே அவருடைய உம்மாவின் கையில் கொடுப்பவர். "நல்ல பொடியன்தான்" என்றேன். கலியாணத்துக்குப் பிறகு எங்களுக்குள் இருந்த நீ, நீங்க ஆயிற்று. அவருக்கு அது மரியாதை. எனக்கு அது வசதி. தூரத்தில் நின்று வெறுப்பது சுலபம்.

பிறகு ஓர் ஆட்டம் கொழும்பில் நடந்தது. நம்மைவிடச் சிறிய ஒரு தீவின் அணி வந்திருந்தது. வாப்பா, தங்கச்சி, நான் மூவரும் வேன் பிடித்துப் போனோம். அன்று தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடியது, எங்கள் ஆட்டத்தை யாரும் காட்டவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. நம் பொடியன்கள் அன்று ஆடியதுபோல நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மச்சானின் பக்கத்தால் ஒருவனும் உள்ளே வரவில்லை. கோல் இல்லாமலே ஆட்டம் முடியப் போனது. தங்கச்சி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசி நிமிடங்களில் வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து நிலத்தோடு நிலமாக வேகமாக வந்தது. மச்சான் கோலை நோக்கி ஓடிவந்து இடது காலை நீட்டினார். பந்து அவருடைய காலில் பட்டுத் திரும்பி நம்முடைய வலைக்குள்ளேயே போனது.

 மச்சான் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தார். வாப்பாவுக்குக் கண் பார்வை குறைவு, "என்ன நடந்த, என்ன நடந்த?" என்று என் தோளை உலுப்பினார்.  என் உதடு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. அந்த நேரம் தங்கச்சி ஆறுதல் தேடி என் பக்கம் திரும்பினாள்.

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "காக்கா, நீங்க சிரிச்சீங்க."

"இல்ல. மழ முகத்தில அடிச்சது."

நாங்கள் கூரைக்குக் கீழே இருந்தோம். அவள் மேலே பார்த்தாள், பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை என்னோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகும் பல மாதங்கள், சோறு போடுவாள், பிள்ளைகளை விசாரிப்பாள். அண்ணன் என்ற உரிமையோடு காக்கா என்று மட்டும் கூப்பிடமாட்டாள்.

ஆனால் நான் செய்த பெரிய பிழை அந்தச் சிரிப்பு அல்ல. இரண்டு நாள் கழித்து மச்சான் ஊருக்கு வந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். அவர் கேட்டார்: "மச்சான், நீங்க மேல இருந்து பாத்தீங்கதானே. நான் கால வைக்காம விட்டிருந்தா கீப்பர் எடுத்திருப்பாரா? எடுத்திருப்பன் எண்டு அவர் சொல்றார்."

நான் பார்த்திருந்தேன். அவருக்குப் பின்னால் எதிரணியின் ஏழாம் இலக்கக்காரன் தனியாக நின்றான். வெறும் வலை, மூன்று முழத் தூரம். மச்சான் விட்டிருந்தால் அவன் அடித்திருப்பான். கீப்பர் மற்ற மூலையில் விழுந்து கிடந்தார். கால் நீட்டியதைத் தவிர அந்த இடத்தில் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் அவருடைய நெஞ்சுப் பாரம் அந்த மணலிலேயே இறங்கியிருக்கும்.

"எடுத்திருப்பார்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நாட்டுக்காக இரண்டு ஆட்டம்தான் ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் அதேபோல ஒரு பந்து வந்தபோது, கால் நீட்டவேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டாராம். "எடுப்பமா விடுவமா எண்டு யோசிச்சிட்டன், மச்சான்" என்று வந்து சொன்னார். அந்த ஒரு கணத்தில் கோல் விழுந்தது. அடுத்த அணியில் அவருடைய பெயர் இருக்கவில்லை. எனக்கு அன்று சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பொறாமையும் போகவில்லை. தேசிய அணியில் இல்லாதவர்கள் என்ற வகையில் இனி நாங்கள் இருவரும் சமம் என்று நினைத்தேன்; ஊரோ அவரை முன்னாள் தேசிய வீரர் என்று மேடைக்குக் கூப்பிட்டது. நான் விளையாட்டு ஆசிரியராகி, பள்ளிக்கூட விழாக்களுக்கு அவரைப் பிரதம அதிதியாக அழைக்கும் கடிதங்களை என் கையாலேயே எழுதினேன்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார், இளம் பெண். நம் தேசிய அணியின் வரலாற்றை எழுதுகிறாராம். வென்றவர்களை மட்டுமல்ல, அந்தச் சட்டையைப் போட்ட ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்க் கண்டு கேட்டு எழுதுவதாகச் சொன்னார். மச்சான் என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். தங்கச்சி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குசினி வாசலில் நின்றுகொண்டாள். ஆய்வாளரின் தாளில் மச்சானின் பெயரும், அதற்கு நேரே அந்தக் கோலும் இருந்தன. அதைப் பற்றித் தயங்கித்தான் கேட்டார்.

மச்சான் தயங்கவில்லை. "அது என்ட பிழைதான். விட்டிருந்தா கீப்பர் எடுத்திருப்பார். இந்தா, மச்சானும் மேல இருந்து பாத்தவர்" என்று என்னைக் காட்டினார்.

இத்தனை வருடமும் என் பொய்யை அவர் உண்மையென்று நம்பிச் சுமந்து திரிந்திருக்கிறார். என்னைச் சாட்சியாக வேறு வைத்திருக்கிறார். அந்தப் பெண் என் பக்கம் பேனையைத் திருப்பினார்.

"இல்ல" என்றேன். "விட்டிருந்தாலும் கோல்தான். பின்னால ஏழாம் நம்பர்காரன் நிண்டான். கீப்பர் மற்றப் பக்கம் விழுந்திட்டார்."

மச்சான் என்னைப் பார்த்தார். "அண்டைக்கு எடுத்திருப்பார் எண்டு சொன்னீங்களே."

"பொய் சொன்னன். அண்டைக்குக் கோல் விழக்குள்ள நான் சிரிச்சும் இரிக்கன்."

"சிரிச்சது தெரியும். அண்டைக்கே இவ போன்ல சொல்லிட்டா." அவர் குரல் உயரவில்லை. "மத்தது தெரியாது."

குசினி வாசலில் நின்ற தங்கச்சியைக் கண்ணால் காட்டினார். நான் சிரித்தது தெரிந்துகொண்டுதான் கடற்கரைக்கு என்னோடு நடந்திருக்கிறார், தெரிந்துகொண்டுதான் என்னிடம் கேட்டிருக்கிறார், நான் சொன்னதை நம்பியும் இருக்கிறார். வெட்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பழைய பொறாமைதான். இதையும் இந்த மனிசனால் செய்ய முடிந்திருக்கிறதே என்ற பொறாமை.

மச்சான் பிஸ்கட் தட்டை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். அதுதான் கோல். தன் கோப்பையை அதற்கு முன்னால் வைத்தார். "இது நான். கீப்பர் எங்க?" நான் சீனிப் போத்தலை எடுத்துத் தட்டின் ஒரு மூலையில் வைத்தேன். "அவன்?" என் கோப்பையை அவருடைய கோப்பைக்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். அவர் குனிந்து, பந்து வந்த திசையில் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எழும்பி மறுபக்கம் வந்தும் பார்த்தார்.

"அப்ப நான் கால நீட்டினது சரி."

"சரிதான்."

"நீட்டாட்டித்தான் பிழை."

"ஓம்."

அவர் கதிரையில் இருந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். தங்கச்சி வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றாள்.  இருவரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார்: "இதை நான் எழுதலாமா? உங்கட பேரையும் போட்டு? வேணாமெண்டா பேர் இல்லாமலும் எழுதலாம்."

பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் யாரும் என்னைக் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள். நம் நாட்டு அணியின் வரலாற்றில், கோல் அடித்தவனாகவோ தடுத்தவனாகவோ இல்லாமல், ஒரு நல்ல ஆட்டக்காரனுக்குப் பொய் சொன்னவனாகத்தான் நான் வருவேன் என்பது எனக்கு விளங்கியது. வாப்பாவின் பெயரையும் சேர்த்து என் முழுப் பெயரைச் சொன்னேன். அவர் எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன்.